பறங்கிப்பட்டை வந்த வழி

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளிலும் இன்னும் நிலைத்திருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில், சுக்கும் மிளகும் திப்பிலியும் முன்வரிசையில் நிற்க, அதிமதுரமும் வாய்விளங்கமும் அக்கரகாரமும் தகர டப்பாக்களில் அவற்றின் பின்னே அடங்கியிருக்க, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சாக்கு மூட்டையின் அடியில் அதிகம் விலைபோகாத கிழங்கு ஒன்று கிடக்கும். பெரிய இஞ்சியைப் போல முண்டும் முடிச்சுமாய், மேலே செம்பழுப்பாய், வெட்டிய முகத்தில் வெளிறிய ரோஜா நிறமாய் இருப்பது. மூக்கருகே கொண்டுபோனால் வாசனை இல்லை. நாக்கில் வைத்தால் மாவின் பசையும் சற்றே துவர்ப்பும் தவிர வேறு ருசி இல்லை. இவ்வளவு சாதுவான வஸ்து ஒரு காலத்தில் கோவாவின் வைத்தியர்களையும் பாரசீகத்து ஹக்கீம்களையும் ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவரையும் தன் வசப்படுத்தியிருந்தது என்று சொன்னால் கடைக்காரரே நம்பமாட்டார். பறங்கிப்பட்டை என்றும் பறங்கிச் சக்கை என்றும் நாம் வழங்கும் அந்தச் சரக்கு மரப்பட்டையும் அன்று, பறங்கியர் தேசத்தில் விளைந்ததும் அன்று. சீன தேசத்து மலைச்சரிவுகளில் படரும் ஒரு முட்கொடியின் நிலத்தடித் தண்டு அது.

நம்முடைய சித்த வைத்தியம் ஆதியில் அருளப்பட்ட வண்ணமே ஓர் எழுத்தும் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழமையில் உறைந்துபோய் நகராமல் நிற்கிறது என்று பழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரு திறத்தாரும் இந்தக் கிழங்கின் சரித்திரத்தைச் சிறிது கவனித்தால், தம் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள நேரிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், கப்பலில் வந்த வியாதி ஒன்றைத் தொடர்ந்து கப்பலில் வந்த மருந்து ஒன்றை, வந்த இடம் இன்னதென்று மறைக்காமல், தன் பதார்த்த குணத்தோடும் சுத்தி முறையோடும் பத்திய விதியோடும் பொருத்தி, சில தலைமுறைகளுக்குள் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்ட ஒரு வைத்திய மரபின் கதை அதில் இருக்கிறது.

தாவர சாஸ்திரிகள் இந்தக் கொடிக்கு ஸ்மிலாக்ஸ் சைனா என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட பெயர் அது. முன்னாளில் அல்லிக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு, பிற்காலத்தில் ஸ்மிலகேசி என்னும் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தது. வாழைக்கும் நெல்லுக்கும் உறவான ஒருவித்திலைத் தாவரமாக இருந்தும், அவற்றுக்குள்ள இணைநரம்பு இல்லாமல் வலைப்பின்னலாக நரம்போடிய இலைகளை உடையதாக இருப்பது இந்தக் குடும்பத்தின் விசேஷம். தண்டில் அங்கங்கே வளைந்த முட்கள் இருக்கும். இலைக்காம்பின் அடியிலிருந்து இருபுறமும் கிளம்பும் இரண்டு பற்றுக்கம்பிகளால் அருகிலுள்ள புதரைப் பிடித்துக்கொண்டு ஐந்து மீட்டர் உயரம் வரையில் ஏறும். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு கொடிகளில் பூக்கும். வசந்த காலத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து, இலையுதிர் காலத்தில் சிவந்த உருண்டைப் பழங்களாய்க் கனியும். சீனத்தில் மட்டுமன்றிக் கொரியாவிலும் ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் பர்மாவிலும் இது உண்டு. மேற்கு ஜப்பானில் அரிசி மாவுப் பணியாரத்தை இதன் வட்டமான இலையில் பொதிந்து வைப்பார்கள். மருந்துக்கு ஆவது நிலத்தின் அடியிலுள்ள பாகம். இலையுதிர் காலத்தின் கடைசியிலிருந்து அடுத்த வசந்தத்துக்குள் அதைத் தோண்டி எடுத்து, ஒட்டியிருக்கும் சல்லிவேர்களைக் கழித்து, ஈரமாக இருக்கும்போதே வில்லைகளாக அரிந்து வெயிலில் உலர்த்துவது வழக்கம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. சீன வைத்தியர்கள் இந்த இனத்தில் இரண்டு கிழங்குகளை வேறு வேறாகவே வைத்திருக்கிறார்கள். முள்ளுள்ள கொடியின் கடினமான கிழங்கை அவர்கள் பா சியா என்பார்கள். முள்ளில்லாத தண்டும் அடிப்புறம் வெளுத்த இலையும் கருநீலப் பழமும் உடைய மற்றொரு கொடியின் மாவுச்சத்து மிகுந்த கிழங்கைத் தூ ஃபூ லிங் என்பார்கள். பின்னதுக்கு ஸ்மிலாக்ஸ் கிளாப்ரா என்று தாவரப் பெயர் சூட்டியவர், முதலில் நம் சென்னை ராஜதானியிலும் பிறகு கல்கத்தாவிலும் தாவர ஆராய்ச்சி செய்த ராக்ஸ்பர்க். அவர் காலமான பிறகு 1832-இல் முழுமையாக வெளிவந்த அவருடைய தாவர நூல், வங்கத்தின் கீழ்த்திசை மலைகளில் வளரும் இந்தக் கொடியின் கிழங்கைச் சீனக் கிழங்கிலிருந்து பிரித்தறிவது அரிது என்று குறிக்கிறது. பழைய ஐரோப்பிய நூல்கள் சீனக் கிழங்கைச் சிவப்புக் கலந்த வெண்மையும் மாவுத் தன்மையும் உடையதாக வர்ணிப்பதைப் பார்த்தால், கப்பல்களில் ஏறி வந்த சரக்கில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கிழங்காகவே இருந்திருக்கலாம். லின்னேயஸ் சீனத்தின் பெயரை ஒரு கொடிக்குக் கொடுத்தார். வியாபாரிகளோ மூட்டையில் வேறொன்றையும் சேர்த்துக் கட்டினார்கள்.

சீனத்திலேயே இந்த மருந்து பெருமை பெற்றது அதிகப் பழங்காலத்தில் அன்று. மிங் வம்சத்து மகா வைத்தியரான லீ ஷிஜென், 1578-இல் எழுதி முடித்து 1596-இல் அச்சேறிய தம்முடைய பெரிய மருந்து நூலில், ஹோங்ஜி, ஜெங்டே என்னும் அரசர்களின் காலத்தில், அதாவது 1488 முதல் 1521 வரையில், ஒரு புதுப் புண்வியாதி பரவியதையும், அதற்குப் பாதரச பஸ்பங்களைக் கொடுத்து வைத்தியர்கள் விரைவில் குணம் காட்டியதையும், அந்த ரசத்தின் விஷம் எலும்பிலும் நரம்பிலும் தங்கிப் பலரை ஆயுள் முழுவதும் அழுகச் செய்ததையும், அதன் பின்னரே தூ ஃபூ லிங் கிழங்கு முக்கியமான மருந்தாக உயர்ந்ததையும் எழுதியிருக்கிறார். முன்னோர் இதன் உபயோகத்தை அறியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. வியாதிக்கு மாற்று என்பதைவிட, வியாதிக்குக் கொடுத்த ரசத்துக்கு மாற்று என்ற வகையிலேதான் இந்தக் கிழங்கு முதலில் பேர் வாங்கிற்று என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு நம் ஊர் வைத்தியர்களும் இதே நிலைமையைத்தான் எதிர்கொண்டார்கள்.

அந்த வியாதி இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். 1495-ஐ ஒட்டி இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரப் படையெடுப்பின்போது வெடித்த மேகவியாதி, ஐரோப்பாவில் ஒவ்வொரு தேசத்தாராலும் பக்கத்துத் தேசத்தாரின் பெயரால் அழைக்கப்பட்டு, 1498-இல் கள்ளிக்கோட்டைக்குக் கடல் வழி திறந்த சில ஆண்டுகளுக்குள் கீழ்த்திசைத் துறைமுகங்களையும் எட்டியது. தமிழில் அதற்குப் பறங்கிப்புண் என்றும் பறங்கி வியாதி என்றும் வழக்கு. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்; அங்கிருந்து சீனத்தின் தென்கரைக்குப் போனார்கள்; அவர்களுடைய கப்பல்கள் பட்டும் பீங்கானும் கொண்டுவந்த அதே வழியில் இந்தக் கிழங்கும் வந்தது. வியாதி மேற்கிலிருந்து கிழக்கே போக, மருந்து கிழக்கிலிருந்து மேற்கே திரும்பி வந்தது. இரண்டும் எதிரெதிரே சந்தித்த கரைகளில் நம்முடைய கரையும் ஒன்று.

1534-இல் கோவாவுக்கு வந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய வைத்தியர், இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதி 1563-இல் கோவாவிலேயே அச்சிட்ட நூலில் சீனக் கிழங்குக்கென்று ஓர் உரையாடலை ஒதுக்கியிருக்கிறார். 1535-ஐ ஒட்டி அது அந்தப் பகுதியில் அறிமுகமானதாக அவர் கணக்கு. கிழங்கை நீரில் நெடுநேரம் காய்ச்சிக் கஷாயமாக்கி, நோயாளியைக் காற்றுப் படாத அறையில் போர்த்துப் படுக்கவைத்து, கஷாயத்தைச் சூடாகக் குடிக்கச் செய்து, வேர்க்க வேர்க்க வைத்து, ஆகாரத்தைக் கட்டுப்படுத்துவது அக்காலத்துச் சிகிச்சை. பத்தே ஆண்டுகளுக்குள் அதன் கீர்த்தி ஐரோப்பாவுக்கு எட்டிவிட்டது. வாத ரத்தத்தால் மூட்டு வீங்கித் தவித்த ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி அதை உட்கொண்டார். அவருடைய வைத்தியரும், மனித உடலை அறுத்துப் பார்த்து எழுதிய நூலால் புகழ் பெற்றவருமான வெசாலியஸ், 1546-இல் அந்தக் கஷாயத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதத்தையே நூலாக வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தில் கிழங்கைப் பற்றிய பகுதி கொஞ்சம். பண்டைய வைத்தியரான கேலனுடைய உடற்கூற்று சாஸ்திரத்தில் உள்ள பிழைகளைப் பற்றிய பகுதியே அதிகம். கிழங்கிடம் அவருக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை.

பாரசீகத்தில் இமாதுத்தீன் மஹமூது ஷிராஸி அதே நூற்றாண்டில் இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். வடதேசத்தில் பாவமிச்ரர் தம் பாவப்பிரகாசத்தில் பிரங்க ரோகம் என்று புது வியாதியைச் சேர்த்து, சோப்சீனி என்று புது மருந்தையும் அதற்கு ஈடாகச் சேர்த்தார். வேறொரு தீவிலிருந்து வந்த வசம்பு என்ற பொருளில் அதற்கு ஒரு சம்ஸ்கிருத நாமமும் ஏற்பட்டது. இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நடந்தவை. பத்திரிகையும் தந்தியும் இல்லாத காலத்தில் ஒரு மருந்தின் செய்தி இவ்வளவு விரைவாகப் பரவியது, நோயின் பயங்கரம் எத்தகையது என்பதற்கு அடையாளம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் பறங்கிப்பேட்டையிலும் போர்த்துக்கீசியர் தங்கியிருந்தார்கள். மலாக்காவுக்கும் நம் கரைக்கும் துணி வியாபாரம் அவர்களுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆகவே கிழங்கு கோவாவைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்தும் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும், அகத்தியர், போகர், தேரையர் என்னும் சித்தர்களின் பெயரால் வழங்கும் நூல்கள் சிலவற்றில் பறங்கிப்பட்டை தன் பெயரோடேயே இடம்பெற்றிருக்கிறது. இது சில பக்தர்களுக்குத் தர்மசங்கடமான விஷயம். பறங்கியர் கடலில் தலைகாட்டுவதற்கு முன்னே பறங்கிப்பட்டை என்று ஒருவர் பாடியிருக்க முடியாது. எனவே அந்தப் பாடல்கள், அல்லது அந்தப் பாடல்களில் அந்தப் பகுதியாவது, பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை என்று சரித்திரக்காரர்கள் தீர்ப்பளிக்கிறார்கள். கல்வெட்டுக்கு எழுத்தின் வடிவம் காலம் காட்டுவதுபோல ஓலைச்சுவடிக்கு இந்தக் கிழங்கு காலம் காட்டுகிறது.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதனால் அந்த நூல்களின் மதிப்புக் குறைகிறது என்பதை ஏற்கவில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு வைத்தியர், தம் கண் முன்னே ஒரு புது நோயைக் கண்டு, புது மருந்து ஒன்றைப் பரீட்சித்து, பலன் கண்டதை மாணாக்கருக்குப் பாட்டாகக் கட்டிக்கொடுத்து, அதைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் குரு பரம்பரையின் பெயரில் சமர்ப்பித்தார் என்றால், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? போகர் சீன தேசம் போய் வந்தவர் என்று நம் ஐதீகம் சொல்லுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மையோ, சீனத்துச் சரக்கு தமிழ் வைத்தியத்துக்குள் வந்தது மட்டும் உண்மை. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. அகத்தியர் ஆசிரமம் இருந்த ஊர் என்று தம் ஊரைச் சொல்லிக்கொள்ளுகிறவர்கள் அவர்கள். கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமிகள் சமாதி முதலாக, ஊரைச் சுற்றிச் சித்தர் சமாதிகளும் ஏராளம்.

கிழங்கை நம்மவர் வாங்கின மாத்திரத்தில் உபயோகிப்பதில்லை. சுத்தி செய்யாத சரக்கு மருந்தாகாது என்பது சித்த வைத்தியத்தின் அடிப்படை. பறங்கிப்பட்டைக்குச் சொல்லப்பட்ட சுத்தி பிட்டவியல். வாயகன்ற மண்பானை ஒன்றில் பாதியளவு பசும்பாலும் நீருமாக ஊற்றி, பானை வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, இடித்துச் சலித்த கிழங்குத் தூளைப் பாலில் பிசறிப் பிட்டுப் பதத்தில் அந்தத் துணியின் மேல் பரப்பி, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இரண்டும் கூடும் இடத்தைச் சீலைமண்ணால் பொதிந்து, கமலாக்கினி என்னும் மிதமான தீயை எரிப்பார்கள். பாலின் ஆவி துணியின் வழியாக ஏறித் தூளில் ஊறும். பால் வற்றுமுன் இறக்கி, தூளை நிழலிலும் பிறகு வெயிலிலும் உலர்த்தி, மறுபடியும் இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்து, சமனெடை சர்க்கரை கூட்டினால் பறங்கிப்பட்டைச் சூரணம். வேறு சில கடைச் சரக்குகளைக் கூட்டி நெய்யும் தேனும் விட்டுக் கிண்டினால் பறங்கிப்பட்டை ரசாயனம். உடல் தேற்றி என்றும் மேகப்பிணி போக்கி என்றும் இதற்குக் குணம் சொல்லியிருக்கிறார்கள். மேகம் என்பதில் ஆதியில் கருதிய பறங்கிப்புண் மட்டுமன்றி, கரப்பான், சொறி, படை, மூட்டுப்பிடிப்பு, ஆறாத புண், பௌத்திரம் வரையில் அடங்கும்.

பத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மருந்தைப் பற்றிச் சொல்ல முடியாது. உப்பையும் புளியையும் தள்ளி, மீன் கருவாடு மாமிசம் விலக்கி, பாலும் சோறும் பாசிப்பயறுமாக ஒரு மண்டலம் இருக்கவேண்டும் என்று கண்டிப்பார்கள். லீ ஷிஜென் தம் நாட்டாருக்கு மது, மாமிசத்தோடு தேநீரையும் விலக்கச் சொன்னார். சீனனிடம் தேநீரை விடச் சொல்வதும் தமிழனிடம் புளியை விடச் சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே தண்டனைதான். கோவாவிலும் ஐரோப்பாவிலும் பட்டினியோடு ஒட்டிய ஆகாரம். தோல் நோயாளி நாற்பது நாள் மதுவும் மாமிசமும் இல்லாமல், வெளியே அலையாமல், பால் குடித்துக்கொண்டு ஓய்ந்து கிடந்தால், மருந்து இல்லாமலே பாதி குணம் கிட்டும் என்று ஒரு சந்தேகப் பிராணி சொல்லலாம். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனாலும் பத்தியத்தை மருந்திலிருந்து பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் வைத்தியரிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் கொடியை நாட்டினபோது இந்த மருந்து நம் கரைக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் அது இந்த ஊரை இரண்டு விதத்தில் தொட்டது. சீனத்துக்குப் போகும் பிரெஞ்சுக் கப்பல்களில் சில புதுச்சேரியில் நங்கூரம் போட்டுப் போயின. மணிலாவுக்கும் பெகுவுக்கும் மலாக்காவுக்கும் இங்கிருந்து கப்பல் ஓடிற்று. பிரெஞ்சுக்காரர் இந்தக் கிழங்கை ஸ்கீன் என்பார்கள். பாரிஸ் மருந்து வியாபாரியான பொமே 1694-இல் வெளியிட்ட மருந்துச் சரக்கு நூலில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆக, ஒரே துறையில் இறங்கக்கூடிய ஒரே கிழங்கு கோட்டைக்குள் பிரெஞ்சு ரணவைத்தியரின் மருந்துப் பெட்டிக்கு ஒரு பெயரோடும், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருவில் நம் வைத்தியரின் அஞ்சறைப் பெட்டிக்கு இன்னொரு பெயரோடும் உரியதாக இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 ஜனவரியில் தாம் இறக்கும் வரையில் எழுதி வைத்த தினசரியில், கப்பல் வந்ததும் சரக்கு இறங்கினதும் விலை பேசினதும் நிரம்பக் கிடக்கின்றன. இராணுவமும் மாலுமிகளும் சாராயக் கடைகளும் நிறைந்த துறைமுகத்தில் மேகவியாதிக்கு மருந்து விலைபோகாமல் இருந்திருக்குமா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அக்காலத்தில் இரு தெருவிலும் பெரிய ஆயுதம் ரசமே. பிரெஞ்சு வைத்தியர் பாதரசக் களிம்பு பூசி எச்சில் ஊற ஊறச் சிகிச்சை செய்தார்; நம் வைத்தியர் பூரமும் வீரமும் லிங்கமும் கொடுத்தார். இரண்டிலும் வாய் வெந்து, ஈறு வீங்கி, பல் ஆடி, நோயாளி படும் பாடு நோயைவிடக் கொடியது. அந்த நிலைமையில், தீங்கில்லாத, ருசியில்லாத, பாலோடு சாப்பிடக்கூடிய ஒரு தூள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ரசம் தின்று உடம்பு வெந்தவனுக்குப் பறங்கிப்பட்டை என்று நம்மவர் கொண்ட முறை, லீ ஷிஜென் சொன்னதோடு ஒத்துப்போகிறது.

புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவர சாஸ்திரிகளின் வரிசை நீளமானது. சொன்னெரா இந்தியாவையும் சீனத்தையும் சுற்றிப் பார்த்து 1782-இல் இரண்டு பாகமாகப் பிரயாண நூல் எழுதினார். 1816-இல் ஆங்கிலேயர் ஊரைத் திருப்பிக் கொடுத்த கையோடு அரசரின் தாவரவியலாளராக வந்த லெஷெனோ த லா தூர், சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை என்று அலைந்து விதைகளும் செடிகளும் சேர்த்து ரெயூனியன் தீவுக்கும் பிரான்சுக்கும் அனுப்பினார். 1826-இல் பெலாஞ்சே தாவரப் பூங்காவை நிறுவினார். இப்போது மறைமலை அடிகள் சாலையில் பஸ் இரைச்சலுக்கு நடுவே இருக்கும் தோட்டம் அதுதான். பிற்பாடு வந்த பெரோத்தே, 1870-இல் இந்த ஊரிலேயே இறக்கும் வரையில் அதைப் பேணினார். இவர்கள் எல்லோரும் தேடியது மண்ணில் வேர்விட்டு நிற்கும் செடியை. மூட்டையில் உலர்ந்து வரும் சரக்கு அவர்களுடைய தோட்டத்துக்கு வெளியே கிடந்தது. அந்தச் சரக்கைப் பதிந்துவைக்கும் வேலையைச் செய்தவர் சென்னை ராஜதானியில் இருந்த ஐன்ஸ்லி என்னும் பிரிட்டிஷ் டாக்டர். 1813-இல் சென்னையில் அச்சான தம் மருந்து நூலில் கடைச் சரக்கு ஒவ்வொன்றையும் அதன் தமிழ்ப் பெயரோடு பதிந்துவைத்தார். பறங்கிப்பட்டையும் அதில் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சீனக் கிழங்குக்கும் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சார்சபரில்லாவுக்கும் ஸ்மிலாக்ஸ் என்ற ஒரே இனம். அந்தச் சார்சபரில்லாவுக்குப் பதிலாக நம் நாட்டில் எதைக் கொடுக்கலாம் என்று தேடிய வெள்ளைக்கார டாக்டர்கள், இனத்தால் சம்பந்தமே இல்லாத நம் நன்னாரியைப் பிடித்துக்கொண்டு அதற்கு இந்தியச் சார்சபரில்லா என்று பேர் வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் மருந்து நூலிலும் ஏற்றிவிட்டார்கள். வந்த கிழங்கு ஒன்று. போன வேர் ஒன்று.

சீனத்தோடு புதுச்சேரிக்கு இருந்த உறவு கம்பெனிக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1860-களில் பிரெஞ்சுக்காரர் வியட்நாமின் தென்பகுதியான கொச்சின் சீனாவைக் கைக்கொண்டபின், சைகோன் என்ற பெயர் புதுச்சேரி வீடுகளில் அடுத்த தெருவின் பெயரைப்போலப் புழங்கலாயிற்று. குமாஸ்தாவாகவும் போலீஸ்காரராகவும் வரிவசூல் குத்தகைதாரராகவும் துணி வியாபாரியாகவும் நம்மவர் அங்கே போனார்கள். 1881-ஆம் ஆண்டு உத்தரவின்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குட்பட்டவர்களுக்கு உத்தியோகம் இன்னும் எளிதாயிற்று. சைகோனை ஒட்டிய சோலோன் சீனர்களின் நகரம். அங்கே வீதிக்கு வீதி சீன மருந்துக் கடைகள். அவற்றின் இழுப்பறைகளில் தூ ஃபூ லிங், வியட்நாமியர் வாயில் தோ ஃபுக் லின் என்று மாறி, வில்லைகளாக அடுக்கியிருக்கும். புதுச்சேரியின் தமிழன் ஒருவன் அந்தக் கடை வாசலில் நின்று, பாட்டி பாலில் அவித்த கிழங்கை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய சந்தர்ப்பத்தைச் சரித்திரம் அவனுக்குக் கொடுத்தது. கண்டுகொண்டானா என்பது வேறு விஷயம்.

இனி மருந்தின் யோக்கியதையைப் பேச வேண்டும். 1905-இல் ஷௌடினும் ஹோஃப்மனும் மேகவியாதியின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1910-இல் எர்லிக்கின் சால்வர்சான் விற்பனைக்கு வந்தது. 1943-இல் பென்சிலின் அந்த நோயைத் தீர்க்கும் என்று நிரூபணமாயிற்று. அதன் பிறகு பறங்கிப்பட்டையால் பறங்கிப்புண் தீரும் என்று ஒருவர் சொல்வாராகில், அவர் சொல்லை நம்பிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. இந்தக் கிழங்கு அந்தக் கிருமியை ஒழிக்காது. அப்படியானால் நானூறு ஆண்டுகளாகப் பல தேசத்து வைத்தியர்கள் கண்ட குணம் என்ன? அந்த வியாதியின் போக்கே அப்படிப்பட்டது: முதற்புண் சில வாரங்களில் தானே ஆறும், பின்னால் வரும் தடிப்பும் தானே மறையும், அதன் பிறகு பல ஆண்டுகள் உள்ளே பதுங்கியிருந்து, சிகிச்சை இல்லாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இருதயத்திலோ மூளையிலோ எலும்பிலோ தாக்கும். ஒரு மண்டலம் பத்தியம் காத்தவனுடைய புண் ஆறினதைக் கண்டு, வைத்தியரும் நோயாளியும் கிழங்கைக் கும்பிட்டதில் வியப்பில்லை.

ஆனால் மேகநோய் என்ற பெரிய பையில் இருந்த மற்றவற்றின் கதை வேறு. முள்ளுள்ள கொடியின் கிழங்கில் டயோசின் முதலான சபோனின்களும், முள்ளில்லாத கொடியின் கிழங்கில் அஸ்டில்பின் என்னும் சத்தும் இருப்பதை ரசாயன நிபுணர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். வீக்கத்தைத் தணிப்பதும், இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் குறைப்பதும் ஆய்வுக்கூடத்துப் பிராணிகளிடம் தெரியவந்திருக்கின்றன. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் தங்குவதுதான் சார்லஸ் சக்கரவர்த்தியை வாட்டிய வாத ரத்தம். அவர் குடித்த கஷாயம் முற்றிலும் வீண் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. மனிதரிடம் பெரிய அளவில் சோதித்துத் தேறின பிறகே உறுதியாகப் பேச வேண்டும். சித்த வைத்தியர்கள் இன்று இதைப் பெரும்பாலும் காளாஞ்சகப்படை, கரப்பான் முதலிய நீடித்த தோல் நோய்களுக்கே கொடுக்கிறார்கள். சித்த மருந்துகளின் அரசாங்கத் தொகுப்பிலும் பறங்கிப்பட்டைச் சூரணம் இருக்கிறது. 1823-இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் கோரிமேட்டில் நிற்கிறது. அதன் வெளிநோயாளிப் பிரிவில் களிம்பு வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் மார்க்கெட்டில் இந்தச் சூரணமும் வாங்கிப் போகிறவர்கள் இவ்வூரில் இல்லாமல் இல்லை. இரண்டையும் ஒருசேர உட்கொள்ளுகிறவர்கள் அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது உத்தமம்.

எஞ்சி நிற்பது, எந்தக் கொடியின் கிழங்கு என்ற பழைய சிக்கல்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குக் குன்றுகளிலும் ஸ்மிலாக்ஸ் சைலானிகா என்னும் உள்நாட்டுக் கொடி தாராளமாக வளருகிறது. சீனச் சரக்கு விலையேறும்போது அதன் கிழங்கும் மூட்டைக்குள் புகுந்துவிடுகிறது. 1955-இல், டாக்டராகப் பயின்று இந்திய வைத்திய சாஸ்திரத்தில் பேரறிஞரான ழான் ஃபிலியோசா புதுச்சேரியில் நிறுவிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் கடற்கரையை ஒட்டிய வீதியில் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் ஓலைச்சுவடிகள், மற்றொரு பகுதியில் தென்னிந்திய மலைகளிலிருந்து திரட்டிக் காகிதத்தில் அழுத்தி வைத்த ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகள். அங்கே உள்ளவர் இலையும் பூவும் பழமும் பார்த்து இனத்தைச் சொல்லுவார். மார்க்கெட்டில் உள்ளவரிடம் இருப்பதோ இலையும் பூவும் இழந்து, தோல் சீவி, வில்லையாக அரிந்த கிழங்கு. அவர் அதை உடைத்துப் பார்த்து, வண்டு துளைக்காமல், கனமாய், உள்ளே நார் குறைந்து சிவந்திருந்தால் முதல் தரம் என்று எடுத்துவைப்பார். நார் மிகுந்து வெளுத்திருந்தால் விலையைக் குறைத்துச் சொல்லுவார்.